புரிஞ்சுது சார்

ஆசிரியர் பயிற்சி ஒன்றில், உங்கள் வகுப்பை நீங்களே செல்போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன், மணியான குரல். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு பீரியட் முழுக்க வெளுத்து வாங்கினேன். ராத்திரி வீட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்: "யாருங்க அது, பஸ் ஸ்டாண்டுல லேகியம் விக்கிறவரா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. "இதுல என்ன வரும்? ம்? என்ன வரும்? பதினொண்ணு. பதினொண்ணு வந்தா அடுத்து என்ன செய்யணும்? வர்க்கமூலம். புரிஞ்சுதா?" கேள்வியும் என்னுடையது, பதிலும் என்னுடையது. "புரிஞ்சுது சார்" என்பது மட்டும்தான் வகுப்புக்கு நான் விட்டுவைத்த வசனம். அதையும் முதல் பெஞ்சு நாலு பேர் எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே இப்படி வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டிருக்கிறார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான் என்று கண்டார். அதை மூன்று விநாடி ஆக்கச் சொன்னதும் பதில்கள் நீண்டன. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள்கூட வாய் திறந்தார்கள். அரசுக்குச் செலவில்லை, சுற்றறிக்கை வேண்டாம், மூன்று விநாடி சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் நின்றேன். கேள்வியைக் கேட்டுவிட்டு மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணினேன். வகுப்பில் அப்படியொரு அமைதி விழுந்து யாரும் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், உடம்பு சரியில்லையா? தண்ணி கொண்டாரட்டா?" என்று கேட்டான். நானும் பதற்றத்தில் பதிலைச் சொல்லிவிட்டேன்.

முதல் பெஞ்சையே கேட்கும் பழக்கத்தை விட, எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிச் சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கி எடுத்தேன். நல்ல முறைதான், யாரும் தப்ப முடியாது. ஆனால் அதிகாரிகள் பார்வைக்கு வந்த அன்று சீட்டில் ஒரு பெயரைப் பார்த்தேன், வாயில் வேறொரு பெயர் வந்தது. நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணின் பெயர். அன்று அவள் பெயர் டப்பாவிலிருந்து பலமுறை வந்தது. அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார். கணக்கு வாத்தியார் நிகழ்தகவுப் பாடத்தை இப்படியும் நடத்தலாம்.

சிவப்பு மையின் கதையும் அதே தினுசுதான். டெஸ்ட் நோட்டில் மதிப்பெண் போட்டு, கீழே "முயற்சி தேவை" என்று எழுதுவது என் வழக்கம். ஒன்றும் எழுதாமல் வெறும் தாளைக் கொடுத்தவனுக்கும் "முயற்சி தேவை", பெருக்கலில் ஓரிடம் சறுக்கியவளுக்கும் "முயற்சி தேவை". இஸ்ரேலில் ரூத் பட்லர் செய்து 1988-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு கை கூசியது. எதைத் திருத்த வேண்டும் என்று குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண் மட்டும் பெற்றவர்களிடம் அது நடக்கவில்லை. மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களிடமும் நடக்கவில்லை. எண் கண்ணில் பட்டதும் எழுத்தை யார் படிக்கிறார்கள்?

சரி, குறிப்பு மட்டும் என்று முடிவெடுத்தேன். "மூணாவது வரியில் மைனஸ் எங்கே போச்சு?" என்கிற மாதிரி ஒவ்வொரு நோட்டிலும் எழுதினேன். திருத்த இரு மடங்கு நேரம் ஆனது. நோட்டைக் கொடுத்ததும், "சார், மார்க் போட மறந்துட்டீங்க" என்று வரிசையாக வந்து நின்றார்கள். சத்துணவு மணி அடிப்பதற்குள் எல்லாருக்கும் மதிப்பெண்ணைச் சொல்லி முடித்துவிட்டேன். ஒருத்தனும் மைனஸைத் தேடவில்லை.

இதெல்லாம் சில்லறை. நோட்டாக ஒன்று இருக்கிறது.

பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளுக்கு நூறு மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஜனவரி பிறந்ததும் மெல்லக் கற்போர் பட்டியல் தயாராகிவிடும். அந்தப் பிள்ளைகளை எப்படியாவது கரையேற்ற வேண்டும். எங்கள் ஊர் வட்டாரத்தில் கணக்கு வாத்தியார்கள் எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு சூத்திரம் உண்டு, பிதாகரஸுக்கும் தெரியாதது. செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8, ஆக 16. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை நெட்டுருப் போட்டால் பதினாலில் பத்து தேறும், 26. தேல்ஸ் தேற்றத்தை மாரியம்மன் தாலாட்டு போல ஒப்பித்தால் 5, 31. கார்ட்டீசியன் பெருக்கலில் ஒன்று, நாணயம் சுண்டுவதில் ஒன்று, இரண்டு இரண்டாக நாலு. 35. ஒரு மதிப்பெண்கூட வீணாகாது.

இந்தச் சூத்திரத்தில் நான் புலி. ஸ்பெஷல் கிளாஸில் காம்பஸும் ஸ்கேலுமாக ஒரு பட்டறையே நடக்கும். அப்படித் தயாரான ஒரு பையன். திருவண்ணாமலைப் பக்கத்து ஊர். பொங்கல் கழிந்ததும் அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள், சின்ன வகுப்புகளில் அவனும் கூடவே போய்க்கொண்டிருந்தவன். ஒத்த முக்கோணம் வரைவதில் அவன் கைக்கு ஈடு கிடையாது. 7/4 பங்கு என்று கொடுத்தால் குறுங்கோணத்தில் ஒரு கதிர், சம தூரத்தில் ஏழு வில், நாலாவது புள்ளியை முனையோடு சேர்த்து, ஏழாவதிலிருந்து இணைகோடு. உதவிப்படம் தனியாக, பென்சில் கூர்மையாக, அச்சடித்த மாதிரி. அந்தத் தாளை நான் மற்றவர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஒருநாள் ஏதோ பேச்சுவாக்கில் கேட்டேன்: "டேய், ஏழின் கீழ் நாலு, ஒண்ணைவிடப் பெரிசா, சின்னதா?"

"சின்னது சார்."

"எப்படி?"

"பின்னம்னாலே ஒண்ணைவிடச் சின்னதுதான சார்."

எதிரில் அவன் வரைந்த படம் இருந்தது. பழைய முக்கோணத்தை விழுங்கிக்கொண்டு புதிய முக்கோணம் பெரிதாக நின்றது. "அப்போ இது ஏன் பெரிசா வந்திருக்கு?" என்றேன். அவன் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "மேல் நம்பர் பெரிசா இருந்தா கோடு வெளிய போகும்னு நீங்கதான சார் சொன்னீங்க."

ஆமாம், நான்தான் சொன்னேன். அந்த வருடம் அவன் கணக்கில் 41 வாங்கினான். சூத்திரத்துக்கு மேல் ஆறு. சாக்லேட் கொண்டுவந்து கொடுத்தான், தின்றேன். தேர்ச்சி விகிதத்தில் என் பாடம் பள்ளியிலேயே முதலிடம்.

பின்னம் ஐந்தாம், ஆறாம் வகுப்புச் சமாச்சாரம். அது தெரியாமல் ஒருவன் பத்து வரை வந்தது யார் குற்றம் என்று கேட்டால் எங்கள் ஆசிரியர் அறையில் பதில் தயாராக இருக்கும். நான் ஒன்பதாம் வகுப்பைக் காட்டுவேன், ஒன்பது எட்டைக் காட்டும், எட்டு "ஆல் பாஸ்" போடச் சொன்ன 2009-ம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டும். எல்லாரும் சேர்ந்து கடைசியில் தொடக்கப் பள்ளியைக் காட்டுவோம், அங்கிருந்து பதில் சொல்ல யாரும் அறையில் இல்லை என்பதால்.

தொடக்கப் பள்ளிக்காரர்களை நான் கேலி செய்ததும் உண்டு. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பார்த்து, எம்.பி.விஜயகுமார் ஆணையராக இருந்த காலத்தில், 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007 வாக்கில் அது மாநிலம் முழுக்க வந்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அட்டை எடுப்பார்கள், வாத்தியாரும் தரையில். "சீட்டு விளையாடச் சம்பளமா?" என்று பேசிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அந்த முறையில் சுவரில் ஓர் ஏணி மாட்டியிருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நிற்கும். பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தால் விட்ட படியிலிருந்து ஏறலாம். சூளைக்குப் போய் வந்த பையனுக்கு வேண்டியிருந்தது அதுதான். என் வகுப்பில் திரும்பி வருகிறவனுக்குக் கிடைப்பது "முந்தா நாள் நோட்டை யாருகிட்டயாவது வாங்கி எழுதிக்கோ" என்கிற ஒரு வாக்கியம்.

வகுப்பைப் பார்க்காமல் பிள்ளைக்குத் தெரிந்ததைப் பார்த்துக் குழு பிரிப்பது பெரிய ரகசியமும் இல்லை. பிரதம் அமைப்பு அதைப் பல மாநிலங்களில் செய்தது. அதன் பலனைச் சோதித்துப் பார்த்தவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். 2022-ல் நம் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது சின்ன வகுப்புகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. பத்தாம் வகுப்பிலேயே, சாயந்திரம், பின்னத்திலிருந்து தொடங்குவோம் என்று அறிவித்தேன்.

முதல் நாள் பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எட்டாவது படிக்கும் தம்பி பார்த்துவிட்டால் என்ன ஆவது? ஒரு பெண் அதற்குப் பிரௌன் அட்டை போட்டு, மேலே "கணக்கு – 10" என்று அழகாக லேபிள் ஒட்டிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துச் சிரித்தேன். மறு வாரமே என் வண்டவாளமும் தெரிந்துவிட்டது. காகிதப் பட்டையை நாலாக மடித்து, அப்படி ஏழு துண்டு வைத்தால் எவ்வளவு நீளம் என்று அளந்துகொண்டிருந்தோம். வராந்தாவில் எச்.எம். வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பட்டைகளை மேசை டிராயருக்குள் தள்ளிவிட்டுக் கரும்பலகையில் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை எழுதினேன். அவளுக்காவது லேபிள் இருந்தது, எனக்கு அதுவும் இல்லை.

இருந்தாலும் அந்த வகுப்பு நடந்தது, தத்தித் தத்தி. மூன்று விநாடி அங்கே தானாகவே வந்தது. பட்டையை மடித்து முடிக்கவே அதற்கு மேல் ஆகிறதே. 35 சூத்திரத்தையும் நான் விட்டுவிடவில்லை, விடவும் மாட்டேன். பத்தாம் வகுப்பில் தோற்றவனுக்கு நம் ஊரில் என்ன மரியாதை என்று எனக்குத் தெரியும். ஜூனிலிருந்து பட்டை, ஜனவரியிலிருந்து காம்பஸ் என்று ஒரு மாதிரி ஓடுகிறது.

பத்தில் செய்வது தாமதம், ஆறாம் வகுப்பிலேயே செய்ய வேண்டும் என்று தோன்றியது. ஆனால் சீனியர்கள் பத்தை எடுப்போம். ஆறாம் வகுப்பு, புதிதாக வந்து சேர்கிறவர் தலையில் விழும். இந்த வருடம் கால அட்டவணை போடும்போது எச்.எம். அறைக்குப் போய், "எனக்கு ஆறாம் வகுப்புக் கணக்கு கொடுங்க சார்" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்க ஆறுக்குப் போயிட்டா பத்தாவது ரிசல்ட்டை யார் சார் பார்க்கிறது? உங்களை விட்டா ஆளு ஏது?"

இந்த இடத்தில் நான் வாதாடியிருக்க வேண்டும். ரிஷிவேலி, நோபல், அரும்பு, மொட்டு எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. "உங்களை விட்டா ஆளு ஏது" என்பதைக் கேட்டதும் ஒன்றும் வரவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதி வராந்தா வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய், பத்தோடு ஆறு பி பிரிவையும் சேர்த்துக் கேட்டேன். வாரத்துக்கு ஏழு பீரியட் கூடுதல் என்றார். ஐந்து என்று பேரம் பேசி வாங்கியிருக்கிறேன்.