அமைதியான பிள்ளைகள்

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களைப் பார்க்கும்போதெல்லாம் கல்வராயன்மலைப் பிள்ளைகளைப் பற்றி விசாரிப்பேன். கிடைப்பது எப்போதும் பாராட்டுதான். "மலைப் பிள்ளைங்களா? ரொம்ப அமைதிங்க. ஒரு தொந்தரவு கிடையாது. உட்கார்ந்தா உட்கார்ந்த இடம் தெரியாது." இத்தனை அமைதியை உண்டாக்கிய பெருமை யாருக்குச் சேரவேண்டுமோ அவர்களுக்குச் சேரட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

மலையிலிருந்து இறங்கும்போது அந்தப் பிள்ளைகள் அப்படி இல்லை. வெள்ளிமலைப் பக்கத்து மாணவி ஒருத்தியை எனக்குத் தெரியும். கடுக்காய் வாங்க மலையேறி வரும் வியாபாரி எடையில் கை வைத்தால், "அண்ணா, திருப்பி நிறுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளை வாயடைக்க வைப்பது லேசான காரியமா? ஒரு கல்லூரி முதல் நாள் முற்பகலிலேயே அதைச் சாதித்தது. ஒவ்வொருவராக எழுந்து இங்கிலீஷில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். "மை நேம் ஈஸ்" தாண்டி ஊர்ப் பெயர் வரை வந்தாள். முன் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். மீதி வரவில்லை. "ஓகே, சிட்" என்றார் ஆசிரியர். திட்டவில்லை, கேலி பேசவில்லை. அதற்குப் பிறகு இன்னொரு கேள்வி கேட்டு அவளைச் சங்கடப்படுத்தவும் இல்லை. எத்தனை பேருக்கு வரும் இந்தப் பெருந்தன்மை!

அரசு தன் பங்கைச் செய்துதான் இருக்கிறது. இவர்களைப் போன்ற பழங்குடியினருக்குத் தனியாக 1 சதவீத ஒதுக்கீடு 1990-லிருந்து உண்டு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, 2024-ல், சென்னை உயர்நீதிமன்றமே தானாக முன்வந்து கல்வராயன்மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. யாரும் மனுப் போடாமலே நீதிபதிகள் விசாரித்த பிள்ளைகள் இவர்கள். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, "சாப்பிட்டியாம்மா" என்றுகூட விசாரிக்காத நாகரிகம் கல்லூரிக்குத்தான் கைவந்தது.

அவளுக்கு அந்த 1,000 ரூபாய் இரண்டு மாதம் வரவில்லை. வங்கிக் கணக்கில் ஆதார் சேராத கோளாறு. விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அவள் ஊரில் சிக்னல் பிடிக்க மேட்டுப் பாறைக்கு ஏற வேண்டும். ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள், முன்னால் இருந்தவர்கள் நகர நகர ஓரமாக ஒதுங்கிக்கொண்டாள், பெல் அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவரின் வேலைக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை.

புதிதாய் வருகிறவர்களின் கூச்சம் தெளியட்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியைக் கொடுத்தது. சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு ஆசிரியரை ஒப்படைத்து, மனம்விட்டுப் பேச வைக்கச் சொல்கிறது அது. இங்கே குத்துவிளக்கு, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை என்று மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் நிறைவேறிவிட்டது. மென்ட்டர் பதிவேடும் இருக்கிறது, பார்த்தேன். பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். ஔவை கண்ட தொண்டைமான் படைக்கலங்கள்கூட இத்தனை பளபளப்பாக இருந்திருக்காது. 'மாணவரின் குறைகள்' என்ற கட்டத்தில் அவள் பெயருக்கு நேரே 'இல்லை' என்று முத்து முத்தான கையெழுத்து. மாதா மாதம் அதே 'இல்லை', ஒரே பேனா மையில்.

செமினார் எடுத்தால்தான் இன்டர்னல் மார்க். அவள் எழுந்து நின்று, தாளை மடித்து மடித்துப் பிரித்து, தொண்டை அடைத்து உட்கார்ந்துவிட்டாள். உடனே தோழி எடுத்த செமினாரில் இவள் பெயரையும் சேர்த்து மார்க் போட்டுவிட்டார்கள். நல்ல மார்க்தான். இன்னொரு நாள் நாலு பேர் முன்னால், தமிழிலேயே, அஞ்சு நிமிஷம் பேச வைத்திருந்தால் அந்தப் பிள்ளை பேசியிருக்கும். ஆனால் அதற்கு உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும். மார்க் போட அது தேவைப்படவில்லை.

பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. யாராவது அவளிடம் தகாத ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் புகார் கொடுத்திருக்கலாம். எந்த வார்த்தையும் சொல்லாத வகுப்பின் மீது எந்தப் புகாரும் செல்லாது. அந்த வகையில் கல்லூரி மாசற்றது.

இரண்டாம் செமஸ்டர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, கச்சிராயபாளையம் வழியாக மேலே போகும் பஸ்ஸில் ஏறிப் போனவள் திரும்பவில்லை. டி.சி. கேட்டும் வரவில்லை. ஃபோட்டோ ஒட்டிய ஹால் டிக்கெட் ஆபீஸிலேயே கிடந்தது. கொஞ்ச நாளில் பெயரை அடித்து, காரணம் என்ற இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினார்கள். அதை எழுத யாரும் மலையேறவில்லை, அவள் அப்பாவுக்கு ஒரு போன் போடவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைக்கூடக் கேட்கவில்லை. யாரையும் சிரமப்படுத்தாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குடும்பத்தின் சூழ்நிலையை அறிந்துகொண்ட ஞானம் அது.