ஆஸ்தான வித்வானுக்கு ஓய்வு கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்:
ஒலி இலாகா அதிபர் அவர்கள்,
விண்டோஸ் இயங்குதள சமஸ்தானம்.

மகா கனம் பொருந்திய ஐயா,

தங்கள் சமஸ்தானத்தில் வீட்டுக் கணினியை வைத்துக்கொண்டு மிடி கோப்புகளைப் போட்டு இசை கேட்கும் வழக்கமுள்ள சிறுபான்மையினராகிய நாங்கள் மிக்க பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம் யாதெனில், 'மைக்ரோசாஃப்ட் ஜிஎஸ் வேவ்டேபிள் சிந்த்' என்ற நீண்ட திருநாமத்தைத் தாங்கிச் சென்ற நூற்றாண்டின் இறுதி தொட்டுக் கொலுமண்டபத்தை அலங்கரித்துவரும் ஆஸ்தான வித்வானுக்கு, அவருடைய சிரமத்தையும் எங்கள் செவிகளின் க்ஷேமத்தையும் உத்தேசித்து, உரிய மரியாதைகளுடன் ஓய்வளிக்க வேண்டும் என்பதேயாம்.

அவருடைய விசுவாசத்தில் எங்களுக்கு அணுவளவும் சந்தேகமில்லை. எத்தனையோ பதிப்புகள் பட்டத்துக்கு வந்தன. ஜன்னல்களின் நிறம் மாறிற்று, பொத்தான்களின் வடிவம் மாறிற்று, ஸ்டார்ட் மெனுவே ஒரு முறை வனவாசம் போய்த் திரும்பி வந்தது. ஆயினும் 'சிஸ்டம்32' என்னும் உள்மாளிகையில் 'டிரைவர்ஸ்' என்ற அறையைத் திறந்து பார்ப்பவர்களுக்கு, 'ஜிஎம்.டிஎல்எஸ்' என்ற வாத்தியப் பெட்டி, ரோலண்ட் கம்பெனியின் 1996-ஆம் ஆண்டு முத்திரையோடு, வைத்தது வைத்தபடி தரிசனம் தருகிறது. அதன் கனம் சுமார் 3.4 மெகாபைட். கைப்பேசியில் எடுத்த புகைப்படம் ஒன்றே அதைவிடப் பருத்திருக்கக்கூடிய இந்நாளில், 128 வாத்தியங்களும் தாளவாத்தியக் கோஷ்டியும் அந்தப் பெட்டிக்குள் கைகால் நீட்டாமல் குடித்தனம் நடத்திவருவது, சிக்கனத்துக்கு ஓர் உத்தமமான திருஷ்டாந்தம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஒலி இலாகாவுக்கே ஒலியைப் பற்றி எடுத்துரைப்பது அதிகப்பிரசங்கம். எனினும் விஷயத்தின் மூலம் அங்கேதான் இருக்கிறபடியால் பொறுத்தருள வேண்டும். மிடி கோப்பில் நாதம் என்பது கடுகளவும் கிடையாது. ஒரு கம்பெனியின் கீபோர்டு மற்றொரு கம்பெனியின் கீபோர்டோடு பேச முடியாதிருந்த சங்கடத்தை நீக்கும் பொருட்டு, டேவ் ஸ்மித், இகுதாரோ ககேஹாஷி முதலியோரின் முயற்சியால் 1983-இல் ஏற்பட்ட மிடி என்ற அந்த உடன்படிக்கை, கட்டளைகளை மட்டுமே அறியும். 144, 60, 100 என்று மூன்று எண்கள் வந்தால், முதல் தடத்தில் ஒரு ஸ்வரத்தை எழுப்பு, அது பியானோவின் நடு ஸி, விரல் இன்ன விசையோடு விழட்டும் என்று பொருள், அவ்வளவுதான். குறுந்தட்டின் தரத்தில் ஒரு நிமிஷ இசைக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் வேண்டியிருக்க, மிடியில் ஒரு பாட்டு முழுவதும் சில பத்துக் கிலோபைட்டுகளில் அடங்கிவிடுகிற ரகசியமும் இதுவே. ஆகவே நாதத்தின் பெருமையோ சிறுமையோ வாசிப்பவரைச் சார்ந்ததேயன்றி எழுதியவரைச் சார்ந்ததன்று. ஆனால் உலகமோ, கோப்பை இரட்டைச் சொடுக்கிட்டு, ஆஸ்தான வித்வான் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "மிடி என்றாலே பொம்மைக்கடைச் சத்தம்தானே" என்று தீர்ப்பெழுதிவிடுகிறது; தண்டனை எழுதியவருக்கு, சம்பாவனை வாசித்தவருக்கு.

வித்வானின் வாசிப்பைச் சற்றுக் கிட்டத்திலிருந்து கேட்கத் தாங்கள் மனமிரங்க வேண்டும். பெட்டியில் இடமில்லாமையால், பியானோவின் ஒரு கட்டையில் பதிந்த ஒலியையே மேலும் கீழும் இழுத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கும் அவர் போர்த்திவிடுகிறார். வயலின் கோஷ்டி ஒரு ஸ்வரத்தை நீளப் பிடிக்க நேர்ந்தால், பதிவின் கடைசித் துணுக்கு ஒன்றே செக்குமாடாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. கீபோர்டை நேரே இணைத்து வாசிக்கத் துணிந்தவர்களுக்கோ, விரல் விழுந்த பிறகு மேலிடத்தின் உத்தரவு பெற்று வருவதுபோல் ஒரு கணம் கழித்தே ஒலி எழும்புகிறது. இதற்கிடையே அரண்மனைக்கு வெளியில், யமஹா சி5 பியானோ ஒன்றை 16 விதமான அழுத்தங்களில் தனித்தனியே பதிவு செய்து 'ஸாலமாண்டர்' என்ற பெயரில் இலவசமாக வழங்கிவிட்டார்கள். அந்த ஒரே பியானோவை வைக்கவே வித்வானின் பெட்டியைப் போல் பன்மடங்கு இடம் வேண்டும். அந்த இடமோ இன்று எந்த வீட்டுக் கணினியிலும் காலியாகக் கிடக்கிறது.

குடிகள் தாங்களாகவே வேறு வித்வானை அமர்த்திக்கொள்ளலாமே என்று தாங்கள் கேட்கக்கூடும். எக்ஸ்பி மகாராஜாவின் காலத்தில் அப்படித்தான் இருந்தது; கண்ட்ரோல் பேனலில் ஒலிப் பகுதியைத் திறந்தால், மிடி இசையை யார் வாசிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு சிறு பட்டியல் இருந்தது. 2007-இல் விஸ்டா முடிசூடியபோது அந்தப் பட்டியல் எடுபட்டுப் போயிற்று. தம் முன்னிலையிலேயே வேறொருவரை ரசிகர்கள் விரும்பிக் கேட்டால் முதியவரின் மனம் புண்படுமே என்ற ஜீவகாருண்யம்தான் இதற்குக் காரணமாயிருக்க வேண்டும் என்று நாங்கள் ஊகித்துத் தேறினோம். அதன் பலனாக, நல்ல இசை வேண்டுவோர் பின்கட்டு வழியாகப் புக வேண்டியதாயிற்று: விர்ச்சுவல் மிடி சிந்த் என்ற மென்பொருளை நிறுவி, ஜெனரல்யூசர் ஜிஎஸ் அல்லது ஃப்ளூயிட் ஆர்3 என்ற சவுண்ட்ஃபாண்டை, அதாவது வேறொரு வாத்தியப் பெட்டியை, அதில் ஏற்றுகிறார்கள். லினக்ஸ் நாட்டாருக்கு இதே காரியத்தை ஃப்ளூயிட்சிந்த் செய்து கொடுக்கிறது. கோப்பில் ஓர் எண்ணும் மாறவில்லை. ஆனால் அதுவரை முனகலாக இருந்த பேஸ் கிட்டார் நிமிர்ந்து உட்காருகிறது, டிரம்ஸுக்குத் தோல் முளைக்கிறது. குற்றம் யாருடையது என்பதற்கு இதைவிட ஒரு சாட்சியம் வேண்டுமா?

எங்கள் தேசத்தாருக்கு மட்டும் உரிய ஒரு குறையையும் இத்துடன் சேர்த்துக்கொள்கிறோம். எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் என்று 1991-இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி ஜாபிதாவில் சிதாருக்கு 105-ஆம் ஆசனமும் ஷெனாய்க்கு 112-ஆம் ஆசனமும் கிடைத்தன. டெலிபோன் மணி 125-இலும் ஹெலிகாப்டர் 126-இலும் வீற்றிருக்கின்றன. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் நாகஸ்வரத்துக்கும் இடமில்லை. ஆதலால் மிடியில் எங்கள் கல்யாணத்துக் கெட்டிமேளம் வடக்கத்தி வேஷத்தில்தான் வந்தாக வேண்டும். ஜாபிதா தாங்கள் வகுத்ததன்று. அதனால் தங்களை நோகவில்லை. சவுண்ட்ஃபாண்டில் தனி வரிசை ஒன்றை ஒதுக்கி வீணையை அமர்த்தலாம். ஸ்வரத்தை 16,384 நுண்படிகளில் வளைக்கும் வசதி ஆதி மிடியிலேயே இருப்பதால், பொறுமையுள்ளவர் கமகத்துக்கும் வழி தேடலாம். அந்த வாத்தியத்தை வாயிலில் தடுக்காதிருந்தால் போதும் என்பதே எங்கள் கோரிக்கை.

ஆகவே சமூகம் திருவுளம் பற்ற வேண்டியவை மூன்று. எடுத்துவிட்ட பட்டியலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பது ஒன்று. அதற்கு ஒரு ஜன்னலின் மூலையில் நாலு விரற்கடை இடம் போதும். சவுண்ட்ஃபாண்டுகளை ராஜபாட்டை வழியாகவே அனுமதிப்பது இரண்டு. அழுத்தத்தை 128 படிகளில் அளந்த பழைய கணக்கை 65,536 படிகளாக விரித்து 2020-இல் மிடி 2.0 பிரகடனமான பிறகும், 1996-ஆம் ஆண்டுப் பெட்டியோடு மல்லாடிக்கொண்டிருக்கும் முதியவருக்கு ஓய்வு கொடுப்பது மூன்று.

பிரிவுபசார தினத்தில் கரகோஷத்துக்கென்று ஆள் திரட்டும் செலவும் இலாகாவுக்கு இல்லை. ஜெனரல் மிடியின் 127-ஆம் வாத்தியம் கைதட்டலே. வித்வான் தம் பெட்டியிலிருந்து தாமே அதை வாசித்துக்கொள்ளலாம். கட்டளையில் ஓர் எண் மட்டும் தவறிவிடாமல் அதிகாரிகள் பார்த்துக்கொள்ள வேண்டும்: 128, துப்பாக்கிச் சூடு.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
பின்கட்டு வழியாகவே இசை கேட்டுவரும் குடிகள்