மீன்சட்டியும் விளக்கெண்ணெயும்

ரிமோட்டில் விமானம் விடுகிற பழைய பித்து ஐம்பது தாண்டியபின் எனக்குத் திரும்பி வந்தபோது வீட்டில் யாரும் அதிரவில்லை. "சுகர் வந்துச்சு, பிரஷர் வந்துச்சு, இப்ப இதுவுமா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி கீரை ஆயப் போய்விட்டாள்.

அதிர்ச்சி கடையில்தான் காத்திருந்தது. கவுன்டரில் இருந்த பையன் வாயைத் திறந்ததும் கேட்டான்: "எலெக்ட்ரிக்கா சார், இன்ஜினா?"

நான் விமானம் விட்ட காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. விமானம் என்றால் அதன் மூக்கில் இன்ஜின் இருக்கும். கரண்டில் ஓடியவை மிக்சியும் கிரைண்டரும்தான். பையனைச் சொல்லிக் குற்றமில்லை. நான் திருவொற்றியூர்க்காரன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டின் கார் பூட்டிய இடம் எண்ணூர். 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. அதே ஐம்பதுகளில்தான் என்ஃபீல்டு வந்து திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தது. என் அப்பா லேலண்டில் ஃபிட்டர், சித்தப்பா என்ஃபீல்டில். பொங்கலுக்குக் குடும்பம் கூடினால் மற்ற வீடுகளில் அரசியல் பேசிச் சண்டை வரும். எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் உசத்தியா ஆறு சிலிண்டர் உசத்தியா என்று பேசி, சித்தப்பா சாப்பிடாமல் எழுந்து போவார். ஆகாயத்தில் போகிற சாமானிலும் எங்களூர் சளைத்ததில்லை. இன்றைக்கு டயர் விற்கிற எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் தொடங்கியபோது செய்தது குழந்தைகள் ஊதி விளையாடுகிற பலூன்.

"யோசிச்சு சொல்றேன் தம்பி" என்று வெளியே வந்தேன்.

எனக்கு இந்தப் பித்து பிடித்தது கல்லூரியில், என்.சி.சி. ஏர் விங்கில். ரேடியோவெல்லாம் பிறகு வந்த ஆடம்பரம். முதலில் கன்ட்ரோல் லைன். விமானத்தின் இறக்கையிலிருந்து இரண்டு கம்பி வரும். அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்க வேண்டும். விமானம் வட்டமடிக்கும், நாமும் கூடவே சுற்ற வேண்டும். எரிபொருள் தீர்ந்து விமானம் தரை இறங்கும்போது பைலட்டும் தரையில்தான் கிடப்பான்.

அந்த இன்ஜினைக் கிளப்புவது ஒரு பெரிய சடங்கு. குளோ பிளக் என்று ஒன்று உண்டு. அதற்குள் தலைமுடி கனத்தில் பிளாட்டினம் சுருள். அதற்கு ஒன்றரை வோல்ட் பேட்டரியை மாட்டினால் சுருள் சிவக்கும். ஒரு சொட்டு எரிபொருளைக் காற்றுக் குழாயில் விட்டு, புரொப்பெல்லரை விரலால் சுண்ட வேண்டும். பிடிக்காது. மறுபடி சுண்ட வேண்டும். பிடிக்காது. நீடில் வால்வை அரைக்கால் திருகு திறந்து மறுபடி சுண்டினால், இன்ஜின் பின்பக்கமாக உதைத்து விரல் நகத்தைப் பதம் பார்க்கும். இதற்காகவே ரப்பர் உறை போட்ட கட்டை ஒன்று உண்டு. அதை வைத்துச் சுண்டுகிறவனைக் கோழை என்பார்கள். நாங்கள் எல்லோரும் வீரர்கள், ஆகவே எல்லோருக்கும் விரலில் பிளாஸ்திரி. கடைசியில் இன்ஜின் பிடித்துக்கொண்டு ஈரமாக, கரகரவென்று இருமும். அப்போது பிளக்கின் வயரைக் கழற்றிவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டுத் தன் சூட்டிலேயே எரியும். பிறகு நீடிலை ஒவ்வொரு கிளிக்காக மூட, இருமல் தெளிந்து, சுதி ஏறி, ஒரே கீச்சுக் குரலில் நிற்கும். அங்கிருந்து இரண்டு கிளிக் பின்னால் வர வேண்டும். அந்த இரண்டு கிளிக்கைக் காதால்தான் பிடிக்க வேண்டும், புத்தகம் படித்து வராது. பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த இடத்தில் டேங்க் காலியாகிவிடும்.

எரிபொருளில் முக்கால் பங்கு மெத்தனால், ஐந்தில் ஒரு பங்கு விளக்கெண்ணெய், பணமுள்ளவன் சேர்த்தால் கொஞ்சம் நைட்ரோமீத்தேன். ஆமாம், நம்ம நாட்டு மருந்துக் கடை விளக்கெண்ணெய்தான். சூட்டில் அது மசியாது. முதல் உலகப் போர் விமானங்களின் ரோட்டரி இன்ஜின்களும் இதைத்தான் குடித்தன. குடித்ததைப் புகையாகப் பைலட்டின் மூக்குக்கு நேராகக் கக்கவும் செய்தன. எதிரியைத் துரத்திக்கொண்டு போன வீரர்கள் பலர் வயிறு கலங்கி அவசரமாகத் தரை இறங்கியதாகச் சொல்வார்கள். எங்கள் பாட்டி அதையே மாதம் ஒரு தடவை சங்கில் புகட்டி, எந்த விமானமும் இல்லாமல் அதே பலனைக் காட்டினாள்.

இப்போது இந்த எரிபொருளைத் தமிழ்நாட்டில் கலக்க நினைத்துப் பாருங்கள். விளக்கெண்ணெய் கிடைக்கும். மெத்தனால்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த கள்ளச்சாராயத்தில் இருந்த விஷம் அதுதான். உரிமம் இல்லாமல் தொட முடியாது, தொடவும் கூடாது. விளையாட்டு விமானத்துக்கு ஐந்து லிட்டர் வேண்டும் என்று ஒரு கெமிக்கல் கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பையைப் பார்த்தார். தெருவில் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். "சார், நல்ல குடும்பத்துப் பிள்ளையாத் தெரியறீங்க" என்றார். டாஸ்மாக் வாசலில்கூட யாரும் எனக்கு இத்தனை அக்கறையாகப் புத்தி சொன்னதில்லை.

அதனால் மின்சாரத்தையும் விசாரித்து வைப்போம் என்று மறுபடி அந்தப் பையனிடம் போனேன்.

"ஆயிரம் கே.வி. மோட்டார் போட்டுக்கங்க சார்" என்றான்.

நான் ஓரடி பின்வாங்கினேன். எண்ணூர்ப் பக்கம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போகிற டவர் லைனே 230 கே.வி.தான். பையன் சிரித்துக்கொண்டே விளக்கினான். இந்தக் கே.வி. வேறு. ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்கிற கணக்கு. மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி, 11.1 வோல்ட். ஆயிரத்தால் பெருக்கினால் நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்று, அதுவும் புரொப்பெல்லர் மாட்டாத வெறும் மோட்டாருக்கு. நீடில் இல்லை, பிளக் இல்லை, பிளாஸ்திரி இல்லை. குச்சியைத் தள்ளினால் சுற்றும், இழுத்தால் நிற்கும். ரேடியோவும் மாறிவிட்டது. அப்போதெல்லாம் 72 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் சுவிட்ச் போட்டால் இரண்டு விமானமும் கிரவுண்டில் சொருகும், அப்புறம் இரண்டு நண்பர்கள் எதிரிகள் ஆவார்கள். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் பெட்டியே காலி இடம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறது.

சட்டமும் பையன் பக்கமே நின்றது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் நம் விமானத்தையும் சேர்த்துத்தான் பிடிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்குமேல் 2 கிலோ வரை மைக்ரோ. பொழுதுபோக்குக்கு மைக்ரோ விடுகிறவனுக்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. நான் கனவு கண்டுகொண்டிருந்த 6.5 சிசி இன்ஜின் வைத்த பயிற்சி விமானம், எண்ணெயும் ஊற்றினால் பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். ஃபோம் விமானம் ஒரு கிலோ பக்கம் அடங்கிவிடும்.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது மட்டும் இன்னும் லேலண்டில்தான் வேலை பார்க்கிறது. தெருவில் போகிற லாரியின் சத்தத்தைக் கேட்டு "இன்ஜெக்டர் போச்சு" என்பார். மோட்டாரைக் கையில் கொடுத்து ஓட்டிக் காட்டினேன். கொஞ்ச நேரம் காதருகே வைத்திருந்தார்.

"நல்லாத்தான் ஓடுது. ஆனா ரிப்பேர் வந்தா இது நம்மகிட்ட எப்படிடா சொல்லும்?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இன்ஜின் சாகிறதற்கு முன்னால் நாலு நாள் முனகும், புகையும், ஒழுகும், வைத்தியம் பார்க்க அவகாசம் தரும். மோட்டார் ஓடும் அல்லது ஓடாது. ஓடாவிட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கு என்கிறார்கள். வடசென்னையில் பாதிப் பேரின் சம்பளமும் முக்கால்வாசிப் பேரின் கௌரவமும் அந்த முனகலைப் புரிந்துகொள்வதில் இருந்தது.

இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கடைப் பையன் என்னிடம் மட்டுமா கேட்டான்? 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. லேலண்ட் குழுமத்து வண்டிகள்தான். என்ஃபீல்டும் 2024 நவம்பரில் ஒரு மின்சார பைக்கை அறிவித்தது. பெயர் 'ஃபிளையிங் ஃப்ளீ', பறக்கும் தெள்ளுப்பூச்சி. இரண்டாம் உலகப் போரில் வானத்திலிருந்து பாராசூட்டில் இறக்கிய 125 சிசி வண்டிக்கு இருந்த பெயர் அது. சித்தப்பா இருந்திருந்தால் இந்தத் தடவையும் சாப்பிடாமல் எழுந்திருப்பார். கம்பெனியே கட்சி மாறிவிட்டபின் தொண்டன் மட்டும் கொடி பிடித்து என்ன பயன்? எலெக்ட்ரிக் வாங்கினேன்.

புகையில்லாத விமானம் என்று பெட்டியில் போட்டிருந்தது. மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். புகை ஒழியவில்லை, முகவரி மாற்றிக்கொண்டிருக்கிறது என்று மனைவியிடம் தத்துவம் பேசினேன். "அதெல்லாம் இருக்கட்டும், இது வெடிக்குமாமே?" என்றாள். யூடியூபில் பார்த்திருக்கிறாள்.

லித்தியம் பாலிமர் பேட்டரி மாப்பிள்ளை ஜாதி. செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஊட்டினால் வீங்கிக்கொள்ளும், 3-க்குக் கீழே பட்டினி போட்டால் செத்துப்போகும், சும்மா இருக்கிற நாளில் 3.8-ல் பதமாக வைத்திருக்க வேண்டும், வெயில் ஆகாது, குத்தல் ஆகவே ஆகாது. சார்ஜ் ஏறும்போது மண்பானையில் வைப்பது நல்லது என்று அனுபவஸ்தர்கள் சொன்னார்கள். வீட்டில் இருந்த ஒரே மண்பாத்திரம் மீன்குழம்புச் சட்டி. பல வருஷம் வஞ்சிரமும் சங்கராவும் கொதித்துப் பழகிய சட்டி அது. அதில் இப்போது 2200 மில்லி ஆம்பியர்-ஹவர் பேட்டரி படுத்திருக்கிறது. பால்கனியில் சார்ஜர் பீப் அடிக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டுப் பூனை வந்து சட்டியை முகர்ந்துவிட்டு என்னைக் கேவலமாகப் பார்க்கும்.

எங்கே விடுவது என்பது அடுத்த வழக்கு. தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர் துறைமுகம், அதற்கும் மேலே காட்டுப்பள்ளி, நடுவில் மின்நிலையம், மேற்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலை. இவற்றில் எதன் தலைக்கு மேல் போனாலும் விமானத்தை மட்டுமல்ல, என்னையும் சேர்த்துத் தரை இறக்க ஆள் இருக்கிறது. கடற்கரையில் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டது போக மிச்சமிருக்கும் மணலில் வலையும் படகும். ஆகவே டிரோன் வரைபடத்தில் அனுமதியுள்ள பச்சைப் பகுதி தேடி, மீஞ்சூரைத் தாண்டி, அறுப்பு முடிந்த ஒரு வயலுக்குப் போகிறேன். சொந்தக்காரரிடம் கேட்டாகிவிட்டது.

கிளம்பலாமா வேண்டாமா என்று காற்றுப் பார்க்க எங்களுக்குக் கருவி வேண்டாம். விடியலில் வாசலில் நின்று மூச்சு இழுத்தால் போதும். மணலி வாசனை அடித்தால் தரைக்காற்று, மேற்கிலிருந்து. காசிமேடு மணத்தால் தெற்கு. மாடியில் காயப்போட்ட வேட்டியில் சாம்பல் படிந்தால் வடக்கு. எந்த வாசனையும் இல்லாவிட்டால் ஜலதோஷம், வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். உச்சிவேளைக்குக் கடல்காற்று திரும்புவதற்குள் விட்டு முடித்துவிட வேண்டும்.

வயலில் காத்தாடி விடுகிற பிள்ளைகள் வந்து சுற்றி நின்றார்கள்.

"இன்னா அங்கிள், டிரோனா?"

"இல்லப்பா, ஏரோபிளேன்."

"கேமரா கீதா?"

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு?"

இதே கேள்வியை என் மனைவி வேறு சொற்களில் கேட்டிருக்கிறாள். ஒருவன் மட்டும் "அஜித் கூட விடுவார்டா" என்று எனக்காக வாதாடினான். எம்.ஐ.டி. மாணவர்களின் தக்ஷா குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்ததும், 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த டிரோன் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றதும் அவனுக்கு அத்துப்படி. மற்றவர்கள் என் தலையைப் பார்த்தார்கள். நரையில் மட்டும் பொருத்தம் இருந்தது. "டீல் போட்லாமா அங்கிள்?" என்றான் ஒரு சின்னவன், காத்தாடி நூலைக் காட்டி. மறுத்துவிட்டேன். அவன் ஜெயித்துவிடுவான் என்று எனக்குத் தெரியும்.

விமானம் நன்றாகத்தான் பறக்கிறது. அரைத் திராட்டிலில் வட்டமடித்தால் எட்டுப் பத்து நிமிஷம். புரொப்பெல்லர் பின்னால் இருப்பதால் மூக்கு இடித்தாலும் உடைவதில்லை, பசை போட்டால் சரியாகிவிடும். இறங்கியபின் துடைக்க எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. பையில் போட்டு ஜிப்பை இழுத்தால் வேலை முடிந்தது. எனக்குத்தான் கை அரிக்கிறது, திருக ஒன்றும் இல்லாமல்.

ஒரு தடவை மின்கட்டணம் எகிறியபோது பழி நேராக விமானத்தின் மேல் விழுந்தது. பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 11.1-ஐ 2.2-ஆல் பெருக்கினால் இருபத்துநாலு சொச்சம் வாட்-ஹவர். சார்ஜர் தின்பதையும் சேர்த்தால்கூட ஒரு யூனிட்டில் முப்பது தடவைக்கு மேல் ஏற்றலாம். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. "அப்ப ஏசியைத்தான் நிறுத்தணும்" என்றாள். கணக்குப் போட்டே இருக்கக் கூடாது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்கு ஸ்பேனருக்குக்கூடப் பொட்டு உண்டு. பரணிலிருந்து பழைய இன்ஜினை இறக்கினேன். விளக்கெண்ணெய் பிசினாக இறுகிப் புரொப்பெல்லர் தண்டு அசையவில்லை. அப்பா மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷும் வாங்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தவர், காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சுத்தமாகித் தண்டு 'டப்'பென்று அழுத்தத்தைத் தாண்டித் திரும்பியதும் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "பேரிங் நல்லாருக்கு" என்று அதற்குச் சந்தனம் வைத்து, தன் ஸ்பேனர் செட்டுக்கு நடுவில் உட்காரவைத்தார்.

மின்சார விமானத்துக்கும் பொட்டு வைத்தாயிற்று. தெருவில் எல்லா வண்டியும் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்புகிற நேரம். அப்பா ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு வந்து விமானத்தைக் கவிழ்த்துப் பார்த்தார். கையால் எறிந்து வயிற்றால் இறங்குகிற விமானம் அது.

"சக்கரம் எங்கடா?"

"சக்கரம் கிடையாதுப்பா."

அவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். இன்ஜினுக்கும் சக்கரம் இல்லை, ஆனால் அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அதற்குள் என் மனைவி வந்து பழத்தை வாங்கிக்கொண்டாள்.

"சும்மா இருங்க மாமா, ரசத்துக்குப் பிழியணும்."