செருப்புத் தைத்த வேதாந்தி

கேள்வி: ஒருபால் விருப்பம் உடையவர்களுக்குச் சுயசிந்தனை மிகுதி என்கிறார்களே, மெய்தானா?

பதில்: ஊரார் வகுத்த விவாக விதி தமக்குப் பொருந்தாது என்று இளமையிலேயே கண்டுகொண்ட ஒருவர், அவ்வூரார் வகுத்த ஏனைய விதிகளையும் சற்றே சந்தேகத்துடன் நோக்குவது ஸ்வபாவமே. இங்கிலாந்தின் எட்வர்டு கார்ப்பென்டர், 1874-இல் பாதிரிப் பதவியைத் துறந்து, புலாலை விலக்கி, சோஷலிஸம் பேசி, தம் கையாலேயே செருப்புத் தைத்து, 1890-இல் கேம்பிரிட்ஜ் நண்பர் பொன்னம்பலம் அருணாசலத்தைக் காண இலங்கைக்கு வந்து ஒரு தமிழ் ஞானியிடம் வேதாந்தம் கேட்டுத் திரும்பி, ஆடவர் உறவுக்குச் சிறைத்தண்டனை விதித்த அந்த இங்கிலாந்திலேயே ஜார்ஜ் மெரில் என்னும் தோழருடன் பகிரங்கமாகக் குடித்தனமும் நடத்தினார். (செருப்புக்கும் காதலுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள், இரண்டிலும் பிறர் அளவு நமக்குக் கடிக்கும்.)

ஆயினும் இதை நியதியாக்கிவிட வேண்டாம். ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படைக்குத் தலைவராயிருந்த ஏர்ன்ஸ்ட் ரோமும் அதே இயல்பினர்தாம். அவர் படையோ சுயசிந்தனையாளர்களை வீதியில் அடித்து நொறுக்குவதையே கைங்கரியமாகக் கொண்டிருந்தது. இயல்பு சந்தர்ப்பத்தைத்தான் அளிக்கும். சிந்திக்கும் சிரமம் அவரவரைச் சார்ந்தது. ரோமை 1934-இல் சுட்டுக் கொல்வித்தவரும் அந்த ஹிட்லரே.