சேவ் கொடுத்தபின் கோப்பு எங்கே போகிறது? சேதுச் சீமையை முன்வைத்து ஓர் ஆய்வு

கணினியில் ‘சேவ்’ கொடுத்தபின் கோப்பு எங்கே போகிறது என்பது தமிழ் ஆய்வுலகம் இன்னும் கை வைக்காத துறை. பாண்டியர் துறைமுகம் எங்கே இருந்தது என்று மல்லுக்கட்ட ஆள் இருக்கிறது. சேதுபதிகளின் செப்பேடுகளைத் தேடிப் பதிப்பித்தவர்கள் இருக்கிறார்கள். போன திங்கள்கிழமை அடித்த மனு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று ஆராய மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வின் எல்லை மேற்கே ராமநாதபுரம் கேணிக்கரை, கிழக்கே அரிச்சல்முனை. வடக்கிலும் தெற்கிலும் கடலே வேலி என்பதால் எல்லைத் தகராறு எழவில்லை.

கருதுகோள் இது: ஒரு மென்பொருள் தானாக எந்த இடத்தில் கோப்பை வைக்கிறதோ, அந்த இடமே அந்தக் கடையின் நிரந்தர ஆவணக் காப்பகம். கடை கைமாறலாம், ஆபரேட்டர் சிங்கப்பூர் போய்விடலாம், ஃபோல்டர் மாறாது.

இதைச் சோதிக்கத் திங்கள்கிழமை காலையைப் போல நல்ல நேரம் கிடையாது. அன்று ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். பக்கத்து ஜெராக்ஸ் கடைகளிலும் டிடிபி சென்டர்களிலும் எட்டரை மணிக்கே கூட்டம். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, குடிநீர்க் குழாய், இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகு என்று மனுக்கள் வரிசையாக வந்து விழும். எந்த மனுவும் ‘அனுப்புநர்’ என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. ஆவணத்தின் முதல் வரியையே கோப்பின் பெயராக முன்மொழிவது வேர்டின் வழக்கம். ஆபரேட்டர் என்டரைத் தட்டிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார். விளைவு: டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் ‘அனுப்புநர்’, ‘அனுப்புநர் 1’, ‘அனுப்புநர் 2’ என்று ஓர் ஊரே குடியிருக்கிறது. பாமினி எழுத்துருவில் அடிக்கும் கடை என்றால் இதே சொல் எம், டி, ஜி என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். உள்ளே இருப்பது முதியோர் உதவித்தொகையா, முழுகிய படகா என்பது திறந்தால்தான் தெரியும்.

“தம்பி, போன மாசம் இங்கதான அடிச்சோம், அதுலயே தேதிய மட்டும் மாத்திக் குடுப்பா” என்கிறார் தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒருவர்.

“அக்கா, அதைத் தேடுற நேரத்துக்குப் புதுசாவே அடிச்சிரலாம்.”

ஆபரேட்டர் சொன்னது சோம்பேறித்தனம் அன்று, அனுபவ உண்மை. இருநூறு ‘அனுப்புநர்’களைத் திறந்து பார்ப்பதைவிட ஒரு பக்கம் தட்டச்சு செய்வது விரைவில் முடியும்.

இத்துறையின் வரலாறு நீண்டதல்ல. 1981-இல் ஐபிஎம் பி.சி.யுடன் வந்த முதல் டாஸில் ஃபோல்டர் என்ற ஒன்றே இல்லை. 160 கிலோபைட் ஃபிளாப்பி ஒன்றில் அதிகபட்சம் 64 கோப்புகள், எல்லாம் ஒரே திண்ணையில். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வந்தது 1983-இன் இரண்டாம் பதிப்பில். விண்டோஸ் 95 காலத்தில் ‘மை டாக்குமெண்ட்ஸ்’ அவதரித்தது. 2007-இல் கடைக்கு வந்த விஸ்டா, ‘மை’யை வெட்டிவிட்டு அதை ‘யூசர்ஸ்’ ஃபோல்டருக்குக் குடிபெயர்த்தது. ஆபரேட்டர்கள் இன்றும் ‘மை டாக்குமெண்ட்ஸ்’ என்றே சொல்கிறார்கள். இந்தச் சீமையில் அது வியப்பில்லை. சென்னையிலிருந்து தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் என்று இருந்த பாதை, 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தனுஷ்கோடிக்கு மாறியது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தபின் ராமேஸ்வரத்தோடு நின்றுபோனது. சேருமிடம் இரண்டு முறை மாறியும், ஏறிச்செல்லக் கப்பலே இல்லாமல் போயும், அந்த வண்டிக்குப் பெயர் போட் மெயில்தான்.

இனி முன்னாய்வுகள். எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் என்ற இருவர் 2003-இல் ‘சயின்ஸ்’ இதழில் உடல் உறுப்பு தானம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். விருப்பம் உள்ளவர் எழுதித் தர வேண்டும் என்ற ஜெர்மனியில் சம்மதம் நூற்றுக்கு 12. விருப்பம் இல்லாதவர்தான் எழுதித் தர வேண்டும் என்ற ஆஸ்திரியாவில் 99.98. தம் சிறுநீரகத்தைப் பற்றிய முடிவையே படிவத்தின் போக்கில் விட்டுவிடும் மனித குலம், மனுவைச் சேமிக்கும் ஃபோல்டரை மாற்றும் என்று எதிர்பார்ப்பது அதிகம்.

ஜாரெட் ஸ்பூல் கண்டது இன்னும் சுவையானது. இந்த அமெரிக்க வடிவமைப்பு ஆய்வாளர், பலரிடம் அவரவர் வேர்டின் அமைப்புக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எதையாவது மாற்றி வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. தானாகச் சேமிக்கும் வசதிகூட அணைந்தபடியே கிடந்தது. ஏன் அப்படியே விட்டீர்கள் என்று கேட்டால், ‘மைக்ரோசாஃப்ட் காரணம் இல்லாமலா அணைத்து வைத்திருக்கும்?’ என்ற தொனியில் பதில். காரணத்தைத் தேடிப்போனபோது, நிரல் எழுதியவர் எதையும் யோசித்து முடிவு செய்யவில்லை, எல்லா அமைப்புகளுக்கும் பூஜ்யத்தை நிரப்பி வைத்திருந்தார் என்பது தெரிந்தது. இத்துறையின் மூலநூல் என்று ஒன்று உண்டென்றால் அந்தப் பூஜ்யங்கள்தாம்.

மென்பொருள்களில் இரண்டு சாதி உண்டு. பிடிவாதக்கார சாதி எப்போதும் ஒரே இடத்துக்குப் போகும். குரோம் அப்படி: எது இறக்கினாலும் டவுன்லோட்ஸ், அதே பெயர் இருந்தால் அடைப்புக்குறிக்குள் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுவிடும். ஞாபகக்கார சாதி, கடைசியாக எந்த ஃபோல்டரில் சேமித்தோமோ அதையே மறுபடி காட்டும். விண்டோஸ் இந்த ஞாபகத்தை ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஆபத்து இந்த இரண்டாம் சாதியில்தான்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால் பேப்பர் வேலைகளை முடிக்கப் படகுக்காரர்கள் கடைக்கு வருகிறார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கல்லூரி விண்ணப்பத்தோடு நிற்பதும் அதே நாட்களில். படகுக்காரரின் பென் டிரைவில் ஒரு கோப்பைச் சேமித்த கையோடு, அது செருகியிருக்கும்போதே அடுத்த பிள்ளையின் சான்றிதழையும் ஆபரேட்டர் ‘சேவ்’ செய்தால், ஞாபகக்கார மென்பொருள் பென் டிரைவையே காட்டும். என்டர் தட்டியாகிவிட்டது. சற்று நேரத்தில் சான்றிதழ் சட்டைப்பையில் ஏறிப் பாம்பனுக்குப் பயணமாகிறது. பிள்ளையோ கடையில் நின்று டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் என்று மூன்று சன்னிதிகளையும் சுற்றி வருகிறது.

சேமிக்கும் இடத்தை மாற்றியே ஆக வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் வேறு. டாக்குமெண்ட்ஸ் பிறவியிலேயே சி டிரைவில் இருக்கிறது, விண்டோஸும் அங்கேதான். உப்புக்காற்றில் ராம் காலும் மதர்போர்டும் துருவேறும் ஊர் இது. சிஸ்டம் மக்கர் செய்தால் சர்வீஸுக்கு வரும் பையன் கேட்கும் முதல் கேள்வி, “சி-ல எதாச்சும் இருக்காண்ணே?” என்பது. கடைக்காரர் இல்லை என்கிறார். ஃபார்மட் முடிந்து மறுநாள்தான், இருந்ததெல்லாம் அங்கேதான் இருந்தது என்று தெரிகிறது.

மாற்றும் வேலை ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். டாக்குமெண்ட்ஸ் மேல் ரைட் கிளிக், புராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். டி டிரைவில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதைக் காட்டினால் பழைய கோப்புகளையும் தூக்கிக்கொண்டு போய்விடும். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் வைக்கும் இடத்தை எழுதிக் கொடுக்கலாம். லிப்ரே ஆஃபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், பாத்ஸ். குரோமில் டவுன்லோட்ஸ் அமைப்பில், ஒவ்வொரு முறையும் எங்கே வைப்பது என்று கேட்கச் சொல்லலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: ஃபோல்டர் எதுவும் உண்டாக்காமல் டி டிரைவையே காட்டிவிடக் கூடாது. காட்டினால் டிரைவ் முழுவதும் டாக்குமெண்ட்ஸ் என்று ஆகி, திருப்பி மாற்றுவதற்குள் நாக்குத் தள்ளிவிடும்.

இதற்கிடையில் கோப்புகள் கடையை விட்டே கிளம்பத் தொடங்கிவிட்டன. 2025 ஆகஸ்டில் வேர்டின் சோதனைப் பதிப்பில், புதிய ஆவணங்கள் தாமாகவே ஒன்டிரைவுக்குப் போகும்படி மைக்ரோசாஃப்ட் மாற்றியது. அங்கே இலவச இடம் 5 ஜிபி. கேணிக்கரையில் அடித்த மனு எந்த நாட்டு சர்வரில் உறங்கும் என்ற ஆய்வைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

வாசகர் கவனிக்க வேண்டியது டவுன்லோட்ஸைத்தான். லாட்ஜில் அறை எடுக்கவும் சிம் வாங்கவும் இ-ஆதாரைக் கடையில் இறக்குகிறோம். அந்தப் பிடிஎஃப்-இன் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும். அடுத்து உட்காருபவர் ஊகிக்க மூளையைக் கசக்க வேண்டியதில்லை. பொதுக் கணினியில் இறக்கினால் அந்த நகலை அழித்துவிடச் சொல்வது ஆதார் ஆணையமே. எனவே பிரிண்ட் கைக்கு வந்ததும் எழுந்துவிடாதீர்கள். டவுன்லோட்ஸைத் திறக்கச் சொல்லி, உங்கள் கோப்பை ஷிஃப்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தி அழிக்கச் சொல்லுங்கள், அடைப்புக்குறி போட்ட பிரதிகளையும் சேர்த்து.