படகுத்துறை மேல்தளப் பலகைத் தேர்வு: மினசோட்டா ஏரிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தனியார் படகுத்துறை என்பது கரையிலிருந்து ஏரிக்குள் முப்பது நாற்பது அடி நீண்டு, படகில் ஏறுபவரின் கால் நனையாமல் காக்கும் மேடை. ஆனால் படகில் ஏறி இறங்கும் நேரம் மிகச் சொற்பம். மற்ற நேரமெல்லாம் அதன்மேல் இரண்டு நாற்காலிகள் கிடக்கும். ஒன்றில் உரிமையாளர் இருப்பார். எனவே துறையின் உறுப்புகளுள் தூணும் சட்டமும் பொறியாளரைச் சேர்ந்தவை, மேல்தளப் பலகை குடும்பத்தைச் சேர்ந்தது என்று வகுப்பது பொருந்தும். பழைய துறை இற்றுப்போய்ப் புதிதாகக் கட்டும்போது வீட்டில் சச்சரவு மூள்வதும் இந்தப் பலகையை வைத்தே.

இந்த ஆய்வுக்கு மிகத் தகுந்த களம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். அங்கே வாகன எண் பலகைகளில் ‘10,000 ஏரிகள்’ என்று பொறித்திருப்பார்கள். உண்மையில் 10 ஏக்கரும் அதற்கு மேலும் பரப்புள்ள ஏரிகளே 11,842 உண்டு. ஓர் அரசு தன் பெருமையைக் குறைத்துச் சொன்ன அரிய நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. குளிர்காலத்தில் இந்த ஏரிகள் உறைந்துவிடும். உறையும் பனி தூண்களைக் கவ்விப் பிடித்து மேலே தூக்கும். விரிவடையும்போது கரையையே நெட்டித் தள்ளும். ஆகவே பெரும்பாலான துறைகள் இலையுதிர்காலத்தில் கழற்றிக் கரையேற்றப்பட்டு, வசந்தத்தில் மீண்டும் இறக்கப்படுகின்றன. பலகைத் தேர்வு பற்றிய விளம்பரக் கையேடுகள் ‘எத்தனை ஆண்டு உழைக்கும்’ என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. அக்டோபரில் அதை யார் தூக்குவது என்ற கேள்வியை அவை எழுப்புவதேயில்லை.

பலகைக் கடைக்குப் போகிறவர் பள்ளிக் கணக்கை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது. ‘இரண்டுக்கு ஆறு’ என்று விற்கப்படும் பலகையை அளந்தால் ஒன்றரைக்கு ஐந்தரை அங்குலமே இருக்கும். ஒன்றேகால் அங்குலம் என்று பெயர் பெற்ற தளப்பலகை ஓர் அங்குலக் கனமே. இது மோசடி அன்று. அறுத்த பச்சைப் பலகை காய்ந்து சுருங்கி, இழைப்பும் கண்டபின் எஞ்சும் அளவு அது. பலகை மெலிந்தது, பெயர் மெலியவில்லை.

விலை மலிவில் முதலிடம் மருந்தேற்றிய பைன் மரத்துக்கு. இம்மரம் தன்னளவில் சீக்கிரம் மக்கிப்போகும். அழுத்தத்தில் மருந்தை உள்ளே செலுத்தினால் பல்லாண்டு நிற்கும். இந்த மருந்தின் வரலாற்றில் இந்தியாவுக்கும் பங்குண்டு. செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்த கலவையை 1933-இல் கண்டுபிடித்தவர் சோந்தி காமேசன் என்ற இந்திய அறிவியலாளர். செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்து வைக்கும். அமெரிக்க வீடுகளின் திண்ணைகளும் துறைகளும் பல பத்தாண்டுகள் இதன் புண்ணியத்தில் நின்றன. ஆர்சனிக் மீதான அச்சத்தால் 2003-ஆம் ஆண்டு இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டிலிருந்து இது விலக்கப்பட்டது. இப்போதைய மருந்துகளில் செம்பின் அளவு கூடுதல். செம்பு சாதாரண ஆணியை அரிக்கும். ஈரத்தில் அலுமினியத்தையும் அரிக்கும். அலுமினியச் சட்டத்தின்மேல் மருந்தேற்றிய பைன் பலகையை இடைத்தாள் இல்லாமல் அப்படியே பரப்பினால், மலிவான பலகை விலையுயர்ந்த சட்டத்தை மெல்லத் தின்றுவிடும். இதில் மிச்சப்பட்ட பணத்தைச் சிக்கனம் என்று எழுதுவது கணக்கியலுக்கு அடுக்காது.

பணத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் ஈப்பே என்ற தென்னமெரிக்க மரத்தை நாடுவார்கள். வைரம் பாய்ந்த கட்டை. ஆணி இறங்காது, துளையிட்டே திருகாணி முடுக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. படகுத்துறை கட்ட மிதக்காத மரத்தைத் தேடிப் போவதிலுள்ள முரணை இத்துறை அறிஞர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை. நவம்பர் 2024 முதல் இது அழிவாபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. எனவே பலகையோடு ஏற்றுமதி அனுமதிச் சீட்டும் வந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எடையைக் கணக்கிட்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். 4 அடிக்கு 4 அடி, ஓர் அங்குலக் கனத்தில் ஒரு தட்டு செய்தால், மேற்குச் சிவப்புச் சீடாரில் அது ஏறத்தாழ 14 கிலோ. அதே தட்டு ஈப்பேயில் 40 கிலோ. மருந்தேற்றிய பைன் இரண்டுக்கும் இடையில் வரும்; ஈரமாக இருந்தால் மேல் எல்லையை நோக்கி நகரும். 14 கிலோவை ஒருவர் முனகாமல் தூக்கலாம். 40 கிலோவுக்கு மருமகன் தேவை. சீடாருக்குக் குறையும் உண்டு: மென்மையான மரம், நாற்காலிக்கால் பட்டாலே பள்ளம் விழும். பூச்சில்லாமல் விட்டால் ஓரிரு ஆண்டில் சாம்பல் நிறமாகும். அதைக் கெடுதி என்பவர் உண்டு, அழகு என்பவரும் உண்டு. இரு தரப்பினரும் பெரும்பாலும் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து வார்த்த கலவைப் பலகையில் சிலாம்பு ஏறாது, பெரிதாகப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் கனம் அதிகம். சட்டங்கள் 16 அங்குலத்துக்கு ஒன்றாவது இல்லாவிட்டால் நடுவில் தொய்யும். வெயிலில் நீளவாட்டில் விரியும். எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம் சூடு. ஜூலை மாத நண்பகலில் அடர் நிறப் பலகையில் வெறுங்காலோடு இறங்கியவர் நடப்பதில்லை; குதிகால் படாமல் துள்ளித் துள்ளி முனைவரை ஓடித் தண்ணீரில் விழுகிறார். கரையில் இருப்பவர்கள் அதை உற்சாகம் என்று கருதுகிறார்கள். வழுக்காதிருக்க இப்பலகையில் போடும் வரிப்பள்ளங்களில் கனடா வாத்தின் எச்சம் போய் உறைந்தால், குழாய்த் தண்ணீருக்கு அசையாது. பள்ளம் பள்ளமாக மழுங்கிய குச்சியால் சுரண்ட வேண்டும். விற்பனை மாதிரிகளில் வாத்து இருப்பதில்லை.

அலுமினியப் பலகை மக்காது, இலேசானது. குழந்தைகள் ஓடும்போது அதன் ஓசை எதிர்க்கரை வரை கேட்கும். துளையிட்ட பிளாஸ்டிக் தட்டு அலையையும் ஒளியையும் கீழே விடும். புளோரிடாவில் கடற்புல் வளரும் இடங்களில் கட்டும் துறைக்குக் குறைந்தது 43 விழுக்காடு திறப்புள்ள சல்லடைத் தட்டு என்ற வழிகாட்டுதல் இதற்காகவே. புல்லுக்கு வெயில் கிடைக்கிறது. நாய்க்குட்டி மட்டும் அதில் கால் வைக்க மறுக்கிறது.

அடுத்தது இத்துறையின் தீராத வழக்கு: பலகையின் பட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டுமா, கீழேயா? பலகை காயும்போது ஆண்டு வளையங்கள் நிமிரப் பார்க்கும். அதனால் பட்டைப் பக்கம் குழிந்து, நடுத்தண்டுப் பக்கம் கவிழ்ந்த ஓடாக எழும்பும். பட்டைப் பக்கம் மேலே இருந்தால் குழியில் நீர் தேங்கும் என்பது ஒரு கட்சி. கீழே இருந்தால் நீர் வடியும், ஆனால் வளையங்கள் அடுக்கு விட்டுப் பிரிந்து பாதத்தில் சிலாம்பு ஏற்றும் என்பது மறு கட்சி. இரண்டும் உண்மை, ஆகவே விவாதம் முடியாது. கணு குறைந்த, நல்ல முகத்தை மேலே வைத்து முடுக்கிவிட்டுத் தச்சர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அறிஞர்களும் அதைப் பின்பற்றலாம்.

பலகைகளுக்கு இடையே விடும் சந்து பற்றி அறிஞர்களுக்குள் ஒற்றுமை உண்டு, பயன் இல்லை. ஈரமான பைனை ஒட்டியே பதிக்கலாம். காய்ந்ததும் சந்து தானே பிறக்கும். காய்ந்த பலகைக்கு 3 மில்லிமீட்டராவது விட வேண்டும், மழைநீர் வடிய. அமெரிக்க 25 சென்ட் நாணயத்தின் கனம் 1.75 மில்லிமீட்டர். நீர் வடியும் சந்தில் நாணயம் செங்குத்தாக விழும்; வீட்டுச் சாவியும் விழும். நாணயம் விழாத சந்தில் நீர் தேங்கிப் பலகை இற்றுப்போகும். இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் அளவு எதுவும் இல்லை. சாவியில் மிதவைக் கட்டை கோத்துக்கொள்வதே கையில் உள்ள தீர்வு.

மினசோட்டாவைப் பொறுத்தவரை அலுமினியச் சட்டத்தின்மேல் தட்டுத் தட்டாகக் கழற்றக்கூடிய சீடார், எவர்சில்வர் திருகாணி: தீர்ப்பு இதுவே. இடுப்பு வலி உள்ள உரிமையாளர்கள் வெளிர் நிற அலுமினியத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். கருநிறக் கலவைப் பலகையைத் தேர்வோர் அதை வாங்குமுன் மாதிரித் துண்டொன்றை நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நின்று பார்க்கவும்.