சாய்தள மகாத்மியம்

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2017 ஜூனில் வெளிவந்த அதன் விதிகளும், பழைய பொதுக் கட்டடங்களெல்லாம் ஐந்தாண்டுகளுக்குள் யாவரும் பிரவேசிக்கத் தக்கவையாக வேண்டும் என்று கெடு வைத்து, அந்தக் கெடுவும் 2022-இல் சத்தமின்றிக் கடந்துபோய்விட்டபடியால், கல்வராயன் மலையில் வெள்ளிமலைவாசியான சக்கர நாற்காலி அன்பர் ஒருவர், 1851-இல் தோன்றிய எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தரிசிக்கத் தாராளமாக நாள் குறிக்கலாம்.

ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்தின் இலக்கணம். அவ்விலக்கணம் அருங்காட்சியக வாசலில் அல்லவா ஆரம்பமாகிறது! மலைப் பேருந்தின் முதற்படிக்கு நடத்துநரின் தயாள குணமும் சகபிரயாணிகளின் புஜபலமுமே இலக்கணம். அன்பரைத் தூக்கி அமர்த்தி, நாற்காலியை மடக்கிக் கடுக்காய் மூட்டைக்கும் கோழிக் கூடைக்கும் நடுவே செருகி, கள்ளக்குறிச்சியில் இறக்கி, சின்னசேலத்தில் ரயிலேற்றிவிட்டால், அப்புறம் எழும்பூர் நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் இருக்கும் பாந்தியன் சாலை கூப்பிடு தூரந்தான். 2019-இல் தனி மாவட்டமானதும் கள்ளக்குறிச்சிக்கு ஆட்சியர் வந்து சேர்ந்தார், அருங்காட்சியகத்து நடராஜர் வரவில்லை.

பார்வையற்ற நண்பரும் உடன் வருவாராயின், அங்குள்ள திருவாலங்காட்டு நடராஜர் சிலையின் தூக்கிய திருவடியை விரலால் அறிய ஆசைப்படுவார். அருங்காட்சியகங்களில் வழக்கமாகத் தொங்கும் ‘தொடாதீர்கள்’ பலகையை அவருக்கு யாரேனும் வாசித்துக் காட்டும் உபகாரம் தேவைப்படும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக நாட்காட்டியைப் பார்த்துக்கொள்வது நலம்: வெள்ளிக்கிழமை விடுமுறை.